ஏழு நாள் நீவச் சொன்னேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் என் நண்பனை மனோ என்று கூப்பிடப்போகிறேன். அது அவன் பெயர் இல்லை. அவன் ஊரைத் தங்கவயல் என்று எழுதப்போகிறேன். அதுவும் அவன் ஊர் இல்லை. பெங்களூரில் காலையில் ரயிலேறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு ஊர், அவ்வளவுதான். மற்றபடி கால் என்னுடையது, நெஞ்சு என்னுடையது, கை என்னுடையது. அவற்றைப் பற்றி எழுதுவதில் பொய் கிடையாது.

நான் வெல்டர். ஜீவனஹள்ளியில் பிறந்து ஜீவனஹள்ளியிலேயே ஒரு இரண்டாம் மாடியில் குடியிருப்பவன். வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். வேண்டுமானால் செல்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்வி என் மனைவி. வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறாள். அண்டார்டிகாவில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அங்கே ஒரு கப்பல் போகும். டீசல், அரிசி, பருப்பு, மருந்து, உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, குப்பையையும் காலிப் பீப்பாய்களையும், ஒரு வருடம் அங்கேயே இருந்த ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பும். குளிரில் விரிசல் விட்ட குழாய்களைப் பற்றவைக்க ஒப்பந்தத்தில் போனவன் நான். மனோ கிரேன் ஆபரேட்டர். கப்பலில் எனக்குக் கீழ்ப் படுக்கை, அவனுக்கு மேல் படுக்கை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காலை, இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் மூச்சு நின்றுபோனது. எவ்வளவு இழுத்தாலும் காற்று உள்ளே போகவில்லை. வலது விலாவில் சுருக்கென்று குத்தியது. கேனை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இடது கெண்டைக்கால் இரண்டு நாளாக வலித்துக்கொண்டிருந்தது. அதை நான் ஒரு வலியாகவே மதிக்கவில்லை. காலையில்தான் தேங்காயெண்ணெய் காய்ச்சி, நானே அதை நன்றாக அழுத்தி நீவிவிட்டிருந்தேன்.

செல்வி அன்றைக்குக் கம்பெனி வண்டி தாமதமானதால் வீட்டில் இருந்தாள். அது என் அதிர்ஷ்டம். வாயுப் பிடிப்புதான், சீரகத் தண்ணீர் கொடு என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாயு புடிச்சா உதடு நீலமாவுமா? சும்னே வாய மூடிக்கினு எழுந்திரு. கீழ ஆட்டோ நிக்குது" என்றாள்.

ஆட்டோவில் ஒரு இருமல் வந்தது. கைக்குட்டையில் துப்பினேன். அதில் பொட்டு அளவுக்கு ரத்தம். கையை மூடிக்கொண்டேன். செல்வி பார்த்துவிட்டாள் என்பது, அவள் திடீரென்று கன்னடத்தில் ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னதில் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை கோபம் மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு ஓடுகிறது என்று காட்டுவது அது. எண்பத்தாறு என்று வந்தது. மாட்டிய நர்ஸ் கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மறுபடியும் எண்பத்தாறுதான். அதற்குப் பிறகு அங்கே யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். மூக்கில் ஆக்சிஜன், நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒயர்கள், கையில் ஊசி. டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். உடம்புக்குள் எங்கேயாவது ரத்தம் உறைந்து கட்டியாகி, அது கரைய ஆரம்பித்தால் அதிலிருந்து உதிரும் துணுக்குகள் ரத்தத்தில் தெரியுமாம். எனக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது.

அடுத்தது ஸ்கேன். அந்த அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். உள்ளே படுக்கவைத்து, கை நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றினார்கள். உடம்பு முழுக்கக் குபுகுபுவென்று சூடு பரவி, கால்சட்டையில் மூத்திரம் போய்விட்டதுபோல் இருந்தது. போகவில்லை. அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்னாடியே சொல்லியிருக்கலாம். உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

பிறகு காலுக்கு ஒரு ஸ்கேன். டாப்ளர் என்கிறார்கள். கெண்டைக்காலிலும் தொடையிலும் ஜெல் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். நல்ல ரத்தக்குழாய் என்றால் அழுத்தும்போது மடங்கிக்கொள்ள வேண்டும். என் இடது காலில் அது மடங்கவே இல்லை. திரையில் அதைப் பார்த்த பையன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டான்.

டாக்டர் ஒரு இளம் பெண். பேச்சில் வேலூர்ப் பக்கம் தெரிந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரியது என்று எனக்குத் தோன்றியது. கால் சதைக்குள் ஆழமாக ஓடும் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது, அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்துவிட்டது என்றார். இன்னும் கொஞ்சம் பெரிய துண்டு என்றால் படியிலேயே முடிந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். காலில் இன்னும் மிச்சம் இருக்கிறதாம். அதனால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றுச் சதையில் ஊசி.

பிறகு கேள்விகள். சிகரெட் உண்டா, அடிபட்டதா, வீட்டில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், சமீபத்தில் எங்கேயாவது ரொம்ப நாள் படுத்தே இருந்தீர்களா என்று கேட்டார். கப்பலில் ஆறு நாள் என்றேன். எந்தக் கப்பல் என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

போகும்போது கப்பலில் எல்லோருக்கும் வேலை இருந்தது. திரும்பும்போது ஒன்றும் கிடையாது. பனி உடைந்து கப்பலின் அடிவயிற்றில் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவோம், படுப்போம். ஒரு வருடம் பனியில் கிடந்தவர்கள் மெஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்தாலும் பேசமாட்டார்கள். ஒருவர் தட்டில் இருந்த தக்காளித் துண்டைச் சாப்பிடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். டெக் முழுக்கக் குப்பைக் கண்டெய்னர்கள். அங்கே ஒரு தீக்குச்சியைக்கூட விட்டுவரக் கூடாது. நிலையத்தில் இரண்டு மாதம் வெளிச்சமே அணையாமல் இருந்தது. வடக்கே வரவர இருட்டு திரும்பிவந்தது. முதலில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு ஆறு. கடைசிப் பனிமலை கண்ணிலிருந்து மறைந்த பிறகு யாருக்கும் மேலே போகக் காரணம் இல்லாமல் போனது.

அதற்கு மறுநாள் கேபின் ஜன்னல்களை இரும்பு மூடி போட்டுத் திருகினார்கள். டெக்குக்கு யாரும் வரக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தெற்கே அந்தப் பகுதிக் கடலைச் சுற்றி நிலமே கிடையாது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஆறு நாள் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் வருமா என்று காத்துக்கொண்டிருந்தோம். படுக்கையிலிருந்து உருண்டு விழாமல் இருக்க, கப்பல்காரர்களில் ஒரு ரஷ்யர் ஒரு வழி காட்டிக்கொடுத்தார். மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருக வேண்டும். மெத்தை பள்ளமாகிவிடும். சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உடம்பைச் சொருகி, முழங்காலை மடக்கி, காலைப் பலகையில் முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். அசையவே முடியாது. அருமையான வழி என்று நினைத்தோம்.

இரண்டாம் நாள் மனோ கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து நெற்றியில் வாங்கிக்கொண்டான். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. தண்ணீர் குடித்தால்தானே எழுந்து போக வேண்டும்? குடிக்காமலே இருந்துவிட்டால்? இரண்டு பேரும் பந்தயம் கட்டினோம். ஒரு நாளில் அதிக தடவை எழுந்து போகிறவன், ஊருக்குத் திரும்பியதும் பிரேசர் டவுனில் பிரியாணி வாங்கித் தர வேண்டும். எங்கள் குழுவின் டாக்டர் தினமும் ஒலிபெருக்கியில் தண்ணீர் குடியுங்கள், எழுந்து நாலடி நடங்கள் என்று கெஞ்சுவார். அவரே பாதி வாந்தியில் பேசுவார். நாங்கள் சிரிப்போம். பந்தயத்தில் மனோதான் ஜெயித்தான். ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு தடவைதான் எழுந்தான்.

கடல் அடங்கிய அன்று அவன் கீழே இறங்கி ஷூ போடப் பார்த்தான். வலது கால் நுழைந்தது, இடது கால் நுழையவில்லை. இடது கெண்டைக்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. யானைக்கால் வந்துடுச்சிடா உனக்கு என்று கிண்டல் செய்தேன். அவன் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்தது நான். கப்பலில் டாக்டரிடம் போனால் அது புத்தகத்தில் ஏறும். புத்தகத்தில் ஏறினால் அடுத்த வருட மெடிக்கலில் கேள்வி வரும். கேள்வி வந்தால் நம்மை மாதிரி ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பல்வலியைக்கூட மறைத்துக்கொண்டிருந்தோம்.

அதோடு எனக்குக் கைவைத்தியத் திமிர் வேறு. சின்ன வயதில் பக்கத்துத் தெருக் கரடி மனையில், அதாவது குஸ்தி பழகும் கூடத்தில், தண்டால் எடுத்தவன் நான். அடிபட்ட காலையும் சுளுக்கு விழுந்த கழுத்தையும் நீவி எடுக்கக் கற்றிருந்தேன். ஜீவனஹள்ளியில் பாதிப் பேர் என் கையில் கால் நீட்டியவர்கள். சமையலறையிலிருந்து எண்ணெய் வாங்கிச் சூடு பண்ணி, மனோவின் காலை என் மடியில் வைத்து, கணுக்காலிலிருந்து மேலே பார்த்து அழுத்தி அழுத்தி நீவினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். கேப் டவுன் வரும்வரை மூன்று நாள் நீவினேன். வீக்கம் குறைந்தது மாதிரி இருந்தது.

"உன் கை கை இல்லண்ணா, மருந்து" என்றான்.

கேப் டவுன் விமான நிலையத்தில் அவனும் நானும் வேறு வேறு விமானம். பிரியும்போது நான் சொன்னேன்: கப்பலில் நீவியது கணக்கில் இல்லை, வீட்டுக்குப் போனதும் உன் பெண்டாட்டியை விட்டு ஏழு நாள் விடாமல் நீவச் சொல், கீழேயிருந்து மேலே, நன்றாக அழுத்தி. சரிண்ணா என்று தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

டாக்டரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. படுத்துக் கிடந்தது, தண்ணீர் குடிக்காதது, பிறகு நீண்ட விமானப் பயணம், இதை மட்டும் சொன்னேன். போதும், இது வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் தேங்கும், தண்ணீர் குறைந்தால் அது கெட்டியாகும். எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வலிக்குதுன்னு யாராச்சும் அந்தக் காலை அமுக்குனாங்களா? எண்ணெய் போட்டு நீவுனாங்களா?"

"நானேதான் நீவினேன். இன்னிக்குக் காலையில."

அவர் தலையை நிமிர்த்தினார். "அதாங்க. கட்டியிருக்கிற கால நீவவே கூடாது. அதுல இருக்கிற கட்டிய நீங்களே பிச்சி மேல அனுப்பிட்டீங்க."

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச் சதை வலித்தால் அதைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மிச்சத்தை மறந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு என் கால் ஞாபகமே இல்லை. ஏழு நாள் என்று நான் சொன்னது மட்டும் காதில் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் விமானம் ஒரே நாள். அவனும் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாள் பாக்கி. நாளைக்குக் காலையில் அவன் பெண்டாட்டி எண்ணெய் காய்ச்சுவாள்.

என்னை ஐ.சி.யூ.வில் போட்டார்கள். அங்கே போன் கிடையாது. கண்ணாடிக்கு வெளியே நின்ற செல்வியைக் கூப்பிடச் சொல்லி நர்ஸைக் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கத்தியதில் நெஞ்சோடு ஒட்டியிருந்த மெஷின் கூவியது. செல்வி வந்தாள். மனோவின் நம்பரைப் போடச் சொன்னேன். ஸ்விட்ச் ஆஃப். பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லோரும் பெங்குவின் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் கேட்டுப் பார்த்தாள். ஒருவரிடமும் வேறு நம்பர் இல்லை. எங்களை அனுப்பிய ஒப்பந்தக்காரர் அலுவலகத்திலும் அதே நம்பரைத்தான் கொடுத்தார்கள். மறுநாளும் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள் என்றால் ஐந்தாம் நாள். இந்நேரம் நீவி முடித்திருப்பாள் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கட்டிலை விட்டு ஒரு காலைக்கூட இறக்க முடியாத எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அவன் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பலில் அவன் சொன்னதுதான். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது லைன், நீலக் கதவு, வாசலில் முருங்கை மரம். அதைச் செல்வியிடம் சொன்னேன்.

"நீ படு. நாளைக்குக் காலையில மொத ட்ரெய்னுக்கு நான் போறேன்" என்றாள்.

தனியாக மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போகவே யோசிப்பவள் அவள். இரண்டு நாள் லீவு போட்டு, கண்டோன்மெண்டில் ரயிலேறித் தங்கவயல் போனாள். அன்றைக்கு நீலப் புடவை கட்டியிருந்தாள். போவதற்கு முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, வாயைத் திறந்து காட்டி, தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சாடை காட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பகலைப் பற்றி என்ன சொல்வது? ஐ.சி.யூ.வில் பகல் என்று எதுவும் கிடையாது. விளக்கு எப்போதும் ஒரே மாதிரி எரியும், மெஷின்கள் ஒரே மாதிரி சத்தம் போடும். ஜன்னலை இரும்பு மூடியால் திருகிய அதே கேபின்தான் இது என்று நினைத்துக்கொண்டேன். என்ன, இங்கே மேலேயிருந்து பேச மனோ இல்லை. பக்கத்துக் கட்டிலைத் திரை போட்டு மறைத்தார்கள். கொஞ்ச நேரம் நிறையப் பேர் வந்து போனார்கள். பிறகு திரையை விலக்கியபோது கட்டில் காலியாக, புது விரிப்புப் போட்டு இருந்தது.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது செல்வி வந்தாள்.

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்காரு. போன் தண்ணியில வுழுந்துடுச்சாம். எல்லாம் வெவரமா சொல்லிட்டேன். அங்கயே ஆஸ்பத்திரியில காட்டுறாங்க" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டில்மேல் குனிந்து என் தலையணையைச் சரிசெய்தாள். அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. அவள் தலை ஈரமாக இருந்தது. பின்னாமல், நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தாள்.

தலை ஏன் ஈரமா இருக்கு என்று கேட்டேன்.

"வழியில, பங்காரப்பேட்டையில மழை" என்றாள்.

தலை மட்டும் நனைகிற மழை எங்கே பெய்கிறது? காலையில் கட்டியிருந்த நீலப் புடவை இல்லை, பச்சைப் புடவை. மொறமொறவென்று காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். எந்த வீட்டுக்குப் போய்வந்தால் நம் பெண்கள் தலைமுழுகாமல் உள்ளே வரமாட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். அதில், கேட்காதே என்று இருந்தது. நான் நல்லது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஐ.சி.யூ.வில் ஒரு நாள், வார்டில் எட்டு நாள். செல்வி தினமும் மனோவைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தாள். இன்றைக்கு இட்லி சாப்பிட்டாராம். இன்றைக்கு வீக்கம் வடிந்துவிட்டதாம். நானும் தினமும் கேட்டேன், ஏனென்றால் கேட்காவிட்டால் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நிறையத் தண்ணி குடிக்கச் சொல் என்பேன். சொல்றேன் என்பாள். வீட்டில் மிளகு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, நான் கடைசி மடக்கு குடிக்கும்வரை முன்னாலேயே நிற்பாள். வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கருநீலமாகிவிட்டது. அதைப் பார்த்து ஒருநாள் அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்ல வேண்டியிருப்பதை நினைத்து எனக்கு அவள்மேல் பாசமும் என்மேல் வெறுப்பும் ஒரே நேரத்தில் வந்தன.

டாக்டரிடம் மட்டும், செல்வி இல்லாத நேரத்தில், மனோவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னேன். கப்பலில் நான் நீவியது மூன்று நாள். வீட்டில் அவன் மனைவி நீவியதும் மூன்று நாலு நாள் இருக்கும். எதனால் பிய்ந்திருக்கும் என்று கேட்டேன். இது தானாகவும் பிய்ந்துகொள்ளும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் விடவில்லை.

"நீவிக் கொஞ்ச நேரத்துல நடந்திருந்தா, கடைசியா நீவுனதுதான் காரணமா இருக்கும். அதை யாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று காலில் இறுக்கமான ஸ்டாக்கிங் மாட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் நீர்த்துப்போக வைக்கும் மாத்திரை, ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டால்கூட ரத்தம் நிற்காது என்று எச்சரித்தார்கள். ஆட்டோ காக்ஸ் டவுன் திருப்பத்தில் சிக்னலுக்கு நின்றபோது நான் கேட்டேன்.

"பதினாறு எப்போ?"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஜீவனஹள்ளி வரும்வரை அழுதாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன அதே நாள் காலையில்தான் மனோ போயிருக்கிறான். நான் தண்ணீர் கேனோடு படியில் உட்கார்ந்திருந்த அதே நேரமாகக்கூட இருக்கும். செல்வி போய்ச் சேர்ந்தபோது நீலக் கதவுக்கு முன்னால் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். ஹார்ட் அட்டாக் என்று அங்கேயிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். செல்வி, வந்த காரணத்தைச் சொல்லாமல், கூடக் கப்பலில் இருந்தவர் வீட்டிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பதினாறு முடிந்த மறுநாள் நான் போனேன். என்ன செய்தது என் கை என்று அவன் மனைவிக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. செல்வியும் வந்தாள். ரயிலில் அரை மணிக்கு ஒரு தடவை என்னை எழுப்பி நடக்கவிட்டாள்.

மனோவின் மனைவி பெயரை ஜோதி என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பெண். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படம் கப்பல் டெக்கில் நான் எடுத்தது. ஆரஞ்சு கோட்டில், பின்னால் பனிமலை இருக்க, பிரியாணியைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஜோதி காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணா, உங்களைப் பற்றித்தான் அவர் எப்பவும் பேசுவார் என்றாள். அப்புறம் உள்ளே போய், ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து எனக்கு முன்னால் தரையில் வைத்தாள். முக்கால்வாசி இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேண்ணா. தெனம் காலையில எண்ணெய் காய்ச்சி, கீழேந்து மேல, நல்லா அழுத்தி நீவினேன். ஏழு நாள்னு சொன்னீங்களாம். நாலு நாள்தான் ஆச்சு. நாலாம் நாளு நீவிட்டு நான் கை கழுவப் போனேன். எழுந்து கொழாய் வரைக்கும் வந்தாரு, அப்படியே வுழுந்துட்டாரு." பாட்டிலையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "மீதி மூணு நாளும் நீவி முடிச்சிருந்தா, இருந்திருப்பாராண்ணா?"

நான் உண்மையைச் சொல்ல வந்தவன். உண்மை என்றால் இரண்டு பாதியும் உண்மை, என் கையும் அவள் கையும். நீவிக் கொஞ்ச நேரத்தில் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது. ஜோதியின் கைகள் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"இல்லம்மா" என்றேன். "உன் கையில ஒண்ணுமே இல்ல. அது நீவக் கூடாத காலு. நான்தான் கப்பல்ல மூணு நாள் நீவினேன். டாக்டருகிட்டப் போறேன்னு சொன்னான், போகாதேன்னு தடுத்ததும் நான்தான். எல்லாம் அங்கயே முடிஞ்சிபோச்சு. நீ தடவினது வெறும் எண்ணெய். அதனால ஒண்ணும் ஆகல."

அவள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, அப்போ நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜோதி நான் தொடாத காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

"போயிடுங்க" என்றாள்.

நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். நீலக் கதவு எங்கள் பின்னால் சாத்திக்கொண்டது. அந்தக் கோபத்தை வாங்கத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். அது அவள் கையை விட்டு என்மேல் இருக்கட்டும்.

திரும்பும் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் செல்வி என்னை எழுப்பி நடக்கவிட்டு உட்காரவைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவ கையால இல்லன்னு டாக்டர் சொன்னாங்களா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வண்டி பங்காரப்பேட்டையில் நின்றுகொண்டிருந்தது. நல்ல வெயில், பிளாட்பாரம் காய்ந்து கிடந்தது.

"மழை பெய்யுது பாரு" என்றேன்.

செல்வியும் வெளியே பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். நான் முழுவதையும் குடித்தேன்.